கம்பத்துலயே ரிட்டயர்

நகந்து உக்காரு தாயி, அந்தப் பக்கம் வெயில் அடிக்குது பாரு. இந்தத் தூணோரம் வந்துக்க. பையக் கீழ வைக்காத, பூனை ஒண்ணு அலையுது, நேத்து என் ரொட்டிய இழுத்துட்டுப் போயிருச்சு. உள்ள யாரு? தம்பியா? சுடுதண்ணியா? அடப்பாவமே. காலு மட்டுந்தான? காலுன்னா ஆறிரும், பயப்படாத. இங்க டாக்டரு நல்லவரு, மூஞ்சியப் பாத்துப் பேசுவாரு.

எனக்கா? எங்க வீட்டுக்காரரு. உன் தம்பிக்கு எதுத்தாப்புல, ஜன்னலோரக் கட்டிலு. தோள் வரைக்கும் கட்டுப் போட்டு, வாய இறுக்க மூடிக்கிட்டு ஒருத்தரு படுத்திருப்பாரு பாரு, அவருதான். பேரு சோலைமலை. கரண்ட் ஆபீஸ்ல லைன்மேன். வாயத் தொறக்காத பெரியவருன்னா வார்டு பூரா தெரியும். நர்ஸு பிள்ளைக வேற கட்டிலுக்குப் போயிச் சொல்லுதுக, "அந்தத் தாத்தா மாதிரி அடம் பண்ணாதீங்க"ன்னு.

உங்கிட்டச் சொல்லுறதுக்கு என்ன? இந்த மனுசன் ஒரு வேலைய முழுசா முடிச்சதே கெடையாது. வீட்டுக்குச் செவரு வச்சாரு, பூசல. மோட்டாரப் பிரிச்சாரு, திரும்ப மாட்டல. ஊருக்கெல்லாம் லைட்டு எரிய வைக்கிற ஆளு, எங்க கொல்லைல ஒரு பல்பு போட்டுத் தரச் சொல்லி நா கத்திக் கத்தித் தொண்டத் தண்ணி வத்திப் போச்சு. எல்லாத்துலயும் பாதி. கடைசில இதையும் பாதில விட்டுட்டு வந்து இப்படிப் படுத்திருக்காரு. எதையா? இரு, வாரேன்.

லைன்ல வேலை பாக்குறவுகளுக்குன்னு ஒரு பேச்சு இருக்கு தாயி. கரண்ட் அடிச்சு ஒருத்தன் போயிட்டான்னா, செத்துப் போனான்னு சொல்ல மாட்டாங்க. "கம்பத்துலயே ரிட்டயர் ஆயிட்டான்"பாங்க. செத்தான்ங்கிற வார்த்தைய வாயால சொல்லிட்டா மறுநாள் கம்பம் ஏறக் காலு வராதாம். கல்யாணம் ஆன புதுசுல எனக்கு அது வெளங்கல. யாரோ ஒருத்தரு கம்பத்துலயே ரிட்டயர் ஆயிட்டாருன்னு இவரு வந்து சொல்லவும், "அப்ப பார்ட்டி உண்டா?"ன்னு கேட்டுட்டேன். ஒரு முழி முழிச்சாரு பாரு. அன்னைக்குச் சோறு திங்கல.

எங்க தெருவுல சங்கிலின்னு ஒருத்தரு இருந்தாரு, இவரு கூட வேலை பாத்தவரு. மழையில மரக்கெள விழுந்து கெடந்த லைன எடுக்கப் போயி, கம்பத்துலயே ரிட்டயர் ஆனாரு. அவரு மகன் பத்தாப்பு ரெண்டு தடவ கோட்ட விட்ட பய. டீக்கடை பெஞ்சு தேய ஒக்காந்திருந்தவன். இன்னைக்கு அவன் எங்க இருக்கான்ங்குற? கரண்ட் ஆபீஸ்ல, சுத்துற காத்தாடிக்கு அடியில நாற்காலில. கருணை வேலை. சர்வீஸ்ல இருக்கும்போது ஆளு போயிட்டா வாரிசுக்கு வேலை. ரிட்டயர் ஆன மறுநாள் போனா மாலையோட சரி. சங்கிலி பொண்டாட்டி இப்ப என்னையப் பாத்தா நின்னு பேசுறதில்ல, நடந்துக்கிட்டே தலைய ஆட்டிட்டுப் போறா.

எனக்கு ஒத்தப் பொண்ணு, காளீஸ்வரி. பி.காம். படிச்சவ. கட்டிக் குடுத்த எடம் சரியில்ல, அத விடு. வந்துட்டா. வந்தவ சும்மா இருக்க மாட்டேன்னு வெடி ஆபீஸுக்குப் போறா. நீ வேற ஊரா? வெடி ஆபீஸ்னா ஆபீஸ் இல்ல தாயி. வெடி செய்யுற எடம், எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுறது. எம்பிள்ளைக்கு மருந்து அறையில வேலை. குழாய்க்குள்ள மருந்து செலுத்தணும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா நகத்துக்கு அடியெல்லாம் வெள்ளியா மின்னும். என்ன தேச்சாலும் போகாது. நா அந்தக் கையத்தான் பாத்துக்கிட்டே இருப்பேன்.

தூரத்துல டம்முன்னு ஒரு சத்தம் கேட்டாப் போதும், எங்க தெருப் பொம்பளைக எல்லாம் அடுப்ப அப்படியே விட்டுட்டு ரோட்டுக்கு ஓடுவோம். எந்தப் பக்கம் பொகைன்னு பாப்போம். நம்ம பிள்ளைக போற பக்கம் இல்லைன்னா அப்பாடான்னு இருக்கும். அங்க எவளோ ஒருத்தி மாருல அடிச்சுக்கிட்டு ஓடிக்கிட்டு இருப்பா, இங்க நமக்கு அப்பாடா. ஆத்தா மன்னிக்கணும். போன தையில இவ போற ஷெட்டுக்கு அடுத்த ஷெட்டுதான் போச்சு. இவ மத்தியானச் சாப்பாட்டுக்கு வேப்ப மரத்தடிக்கு வந்திருந்தா. அதனால இருக்கா. அன்னைல இருந்து எனக்குத் தூக்கமும் இல்ல, சோறும் எறங்கல. எம்பிள்ளைய அந்த எடத்துல இருந்து எடுக்கணும், அம்புட்டுத்தான். அவளுக்கும் ஒரு காத்தாடி, ஒரு நாற்காலி, கைய மட்டும் சுத்தமா வச்சுக்கிற மாதிரி ஒரு வேலை. பெருசா என்ன கேட்டேன்?

இந்த மாசக் கடைசி நாளோட அவருக்கு ரிட்டயர்மெண்ட்டு. அந்தத் தேதி நெருங்க நெருங்க எனக்குப் படபடன்னு வரும். பென்சன் வரும், வராம இல்ல. அது எங்க ரெண்டு பேரு உசுரு இருக்குற மட்டும். அதுக்கப்புறம் அவளுக்கு என்ன இருக்கு? சோறு போடும்போது சொல்லுவேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான். "சங்கிலி அண்ணன் போனாலும் பிள்ளைக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போனாரு. நீங்களும் இருக்கீங்களே, இத்தன வருசம் ஏறி எறங்கி ஒரு சிராய்ப்புக்கூட இல்லாம முழுசா வந்து நிக்கிறீங்க." வெளையாட்டுக்குத்தான் தாயி. எந்த வீட்டுல பொம்பள இப்படிப் பேச மாட்டா? இவரும் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு. தட்டுலயே கைய கழுவிட்டு எந்திரிச்சுப் போயிருவாரு.

ஒருநா அவரா கேட்டாரு. "ஏம்மா, அந்தச் சங்கிலி மகன் நெசமாவே நல்லா இருக்கானா?" அப்படின்னு. எனக்கு வாயெல்லாம் பல்லு. அந்தப் பய பைக்கு வாங்குனது, பொண்ணு பாக்குறது, எல்லாத்தையும் எடுத்துவிட்டேன். பொம்பளப் பிள்ளைக்கும் அந்த வேலை குடுப்பாங்களான்னு நா கேட்டேன். "குடுப்பாங்க. கட்டிக் குடுத்துத் திரும்பி வந்த பிள்ளைக்கும் குடுப்பாங்க. நா விசாரிச்சிட்டேன்"னாரு. பாரேன், பென்சன் விசயமாத்தான் பெரிய ஆபீஸுக்குப் போனாருன்னு நா நெனச்சுக்கிட்டு இருந்தா, போன எடத்துல இதையும் விசாரிச்சிருக்காரு.

போன மாசம் பூரா மனுசன் என்னமோ மாதிரி இருந்தாரு தாயி. இத்தன வருசம் போடாத பல்பக் கொல்லைல போட்டாரு. செவரு பூசுனாரு. மகளக் கூட்டிக்கிட்டுப் போயி சேல எடுத்துக் குடுத்தாரு, நல்ல கத்தரிப்பூக் கலரு. "ஆபீஸுக்குக் கட்டிக்கிட்டுப் போற மாதிரி எடு"ன்னாராம். இவ சிரிச்சாளாம், "வெடி ஆபீஸுக்கு எதுக்குப்பா சேல, மருந்துதான் அப்பும்"னு. எனக்குக் கூட ஒருநா பூ வாங்கிட்டு வந்தாரு. கல்யாணம் ஆன புதுசுலகூட வாங்கிக் குடுக்காத பூ. ரிட்டயர் ஆகப் போறாருல்ல, இனிமே வீட்டுலதான இருக்கணும், அதான் இப்பவே நம்மள தாஜா பண்ணுறாருன்னு நா நெனச்சேன். உள்ளுக்குள்ள சந்தோசம். பெறகு பேச்சையும் விடல, "பூவும் சேலையும் ஒரு வேலைக்கு ஆகுமா"ன்னு ஒரு குத்துக் குத்திட்டுத்தான் பூவ வச்சேன்.

கரண்ட் அடிச்ச அன்னைக்கு நடந்தது என்னன்னா, ஒரே கம்பத்துல ரெண்டு லைன் போகும். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ஏறணும்னா சப்ஸ்டேஷன்ல எல்.சி. வாங்கணும். "கரண்ட்ட நிப்பாட்டியாச்சு, ஏறிக்க"ன்னு அவங்க குடுக்குற அனுமதி. அது இல்லாம கம்பத்தத் தொடக்கூடாது. கீழ் லைன்லதான் வேலை, கீழ் லைனுக்குத்தான் எல்.சி. வாங்குனாங்க. இவரு ஏறிப் போயி கை வச்சது மேல் லைன்ல.

கையொறய சைக்கிள் ஹேண்டில்லயே மாட்டிட்டு ஏறியிருக்காரு. மறதி. வாட்ச்சையும் மோதரத்தையும் கழட்டி, கூட இருந்த தாவீது சட்டைப் பையில போட்டுவிட்டாராம். வேர்க்குதுன்னு கழட்டியிருப்பாரு. தாவீது கீழ நிக்கணும், அவனையும் "போயி டீ வாங்கிட்டு வா"ன்னு அனுப்பிட்டாரு. டீ குடிக்காம அந்த மனுசனுக்கு வேலை ஓடாது.

ஆனா பெல்ட்ட மாட்டியிருக்காரு பாரு! இடுப்புல கட்டிக் கம்பத்தோட சேத்து மாட்டுவாங்களே, அந்தப் பெல்ட்டு. அது மட்டும் மறக்கல. கையி அதுபாட்டுக்கு மாட்டிருச்சு போல. தூக்கி எறிஞ்ச வேகத்துக்குக் கீழ விழுந்திருந்தா அங்கேயே ஒண்ணும் இருந்திருக்காது. பெல்ட்டுல தொங்கிட்டாரு. டீயோட வந்த தாவீது பாத்துட்டு, கத்தி ஆளக் கூட்டி எறக்கியிருக்கான். மத்ததெல்லாம் மறந்த மனுசனுக்கு அது ஒண்ணு மட்டும் எப்படி ஞாபகம் இருந்துச்சுன்னு நா கேக்குறேன்.

தாவீது ஒரு அழுகுணி. இந்த நடையிலதான், நீ உக்காந்திருக்குற எடத்துல உக்காந்து தேம்பித் தேம்பி அழுதான். "மதினி, அண்ணன் கண்ணக் கட்டி விட்டாக்கூட மேல் லைன் எது கீழ் லைன் எதுன்னு சொல்லுவாரு. எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவரு மதினி. அவருக்கு அது தெரியாம நடக்கல." அப்படிங்குறான். எனக்கு வந்துச்சு பாரு கோவம். "தெரிஞ்சுக்கிட்டு எவனாச்சும் போயி நெருப்புல கைய வைப்பானா? கிறுக்கா பிடிச்சிருக்கு? கண்ணு மங்கிருச்சு, கண்ணாடி போடச் சொன்னா கேக்கல, அதான் நடந்துச்சு. போயி ஆபீஸ்லயும் அப்படியே சொல்லு"ன்னுட்டேன். அவன் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தான். எதுக்கு அப்படிப் பாத்தான்னு தெரியல. பெறகு, "அண்ணன் எந்திரிச்சிட்டா பென்சன் வரும் மதினி. பிள்ளைக்கு வேலை வராது. அண்ணனுக்கும் அது தெரியும்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

டாக்டரு மொத நாளே சொல்லிட்டாரு. "கை போனது போனதுதான். ஆனா உசுரு அவரு கையிலதான் இருக்கு. சாப்பிடணும், ஒத்துழைக்கணும். உள்ள சீழ் வச்சிட்டா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." இந்த மனுசன் அதக் கேட்டுக்கிட்டே படுத்திருந்தாரு. அதுல இருந்து வாய மூடுனவருதான். கஞ்சி கொண்டு போனா பல்லக் கடிச்சுக்குறாரு. தண்ணி குடுத்தா வழிய விடுறாரு. ஊசி ஏத்துற குழாய நல்ல கையால பிடுங்கி எறிஞ்சாரு. கைய கட்டிலோட சேத்துக் கட்டிப் போட்டுட்டாங்க, நீ பாத்திருப்ப. "என்னங்க, ஒரு வாய் குடிங்க"ன்னு நா கெஞ்சுறேன், மகளும் கெஞ்சுறா. செவத்துப் பக்கம் திரும்பிக்கிறாரு. இப்படி ஒரு வீம்பு இந்த வயசுல யாருக்காச்சும் இருக்குமா?

நா என்ன வேண்டுனேன்னு கேளு. மறைக்கல. அவரு சாகணும்னு நா வேண்டல தாயி, சத்தியமா இல்ல. "இருக்கன்குடி ஆத்தா, இழுபறியா வைக்காத. எதுன்னாலும் மாசம் பொறக்குறதுக்குள்ள ஒரு முடிவு காட்டிரு"ன்னுதான் வேண்டுனேன். எல்லாரும் வேண்டிக்கிறதுதான? படுத்துக் கெடக்குற ஆளப் பாத்துட்டு வாறவுக எல்லாரும் சொல்லுறதுதான? ஆத்தாவுக்கு என் மனசு தெரியும். எனக்குத்தான் தெரியல.

ஒரு மனசு சொல்லுது, அந்த ஆளு அனுபவிச்சது போதும், மகளாச்சும் தப்பிச்சுப் போகட்டும்னு. ராத்திரி பகலு அந்தக் காத்தாடியும் நாற்காலியுமே கண்ணுல நிக்கிது. அந்தக் கத்தரிப்பூச் சேலையக் கட்டி அவ உக்காந்திருக்கா. எனக்கு அப்படியே குளுந்து போகுது. அடுத்த நிமிசம் உள்ள அவரு இருமுறாரு. எந்திரிச்சு ஓடுறேன். அவரு நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாக்குறேன். ஏறி எறங்குனா உசுரு வருது. ஏறி எறங்குதேன்னும் இருக்கு. என்ன பொம்பள தாயி நா?

இன்னைக்குக் காலையில என்ன ஆச்சுன்னா, டாக்டரு வந்து பாத்துட்டு மொகத்தச் சுளிச்சாரு. "இன்னைக்காச்சும் அவரு வயித்துக்குள்ள ஏதாச்சும் போகணும்மா. இல்லைன்னா தாங்காது"ன்னுட்டாரு. நா அவரு தலமாட்டுல நின்னேன். மக கால்மாட்டுல. எல்லாரும் போனப்புறம் மனுசன் மெல்ல இந்தப் பக்கம் திரும்புனாரு. அத்தன நாளும் தொறக்காத வாயத் தொறந்தாரு. ஒதடு ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, பிரிச்சுப் பேசவே சிரமப்பட்டாரு.

"மாசம் முடிஞ்சிருச்சா?"

அம்புட்டுத்தான் கேட்டாரு. வலிக்குதான்னு இல்ல, கையி எங்கன்னு இல்ல. மாசம் முடிஞ்சிருச்சான்னு கேக்குறாரு.

முடியல தாயி. உனக்குத் தெரியாதா, முடியல. "இல்லங்க, இன்னும் இருக்கு"ன்னு சொல்லியிருந்தாப் போதும். அதுதான நெசம்? நா ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம், ஒரு பாவமும் பண்ண வேண்டாம். நெசத்தச் சொல்லிட்டு இந்தத் தூணோரம் வந்து உக்காந்தாப் போதும். மிச்சத்த அந்த மனுசன் பாத்துக்கிடுவாரு. அவரு பல்லக் கடிச்சுக்கிட்டு முடிச்சுக் குடுத்துட்டுப் போயிருப்பாரு. எம்பிள்ளைக்கு ஒரு நாற்காலி வந்திருக்கும்.

இந்தப் பாழாப் போன வாயி என்ன சொல்லுச்சுன்னு கேளு. "முடிஞ்சிருச்சுங்க. நேத்தே முடிஞ்சிருச்சு. நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க." அப்படின்னு சொல்லுது! யோசிச்சுச் சொல்லல தாயி. அவரு கண்ணு ரெண்டும் என்னைப் பாத்துச்சு, வாயி அதுபாட்டுக்குச் சொல்லிருச்சு. சொன்னப்புறந்தான் என்ன சொன்னோம்னே எனக்கு உறைச்சுச்சு. நாக்கப் பிடுங்கிக்கிடலாம் போல இருந்துச்சு.

அவரு நம்பல. நா பேசுறத அவரு என்னைக்கு நம்புனாரு? மகளப் பாத்தாரு. காளீஸ்வரிக்குப் பொய் வராது. சின்னப் பிள்ளைல திருட்டுத்தனமாச் சீனி தின்னா அவளா வந்து சொல்லிருவா. அவ "இல்லப்பா"ன்னு சொல்லிருவாளோன்னு ஒரு பயம். சொல்லித் தொலைச்சிற மாட்டாளான்னும் ஒரு நப்பாசை. அவ கட்டில்கம்பியக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. நகமெல்லாம் வெள்ளியா மின்னுது. "ஆமாப்பா. முடிஞ்சிருச்சு. தாவீது சித்தப்பா வந்து சொல்லிட்டுப் போனாரு, நீங்க தூங்குனீங்க. இனிமே நீங்க கம்பம் ஏற வேண்டாம்ப்பா. கஞ்சி குடிங்க"ன்னு சொன்னா.

அவளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? நா ஒரு வார்த்த சொல்லலையே. எதுக்கு அவரு மாசத்தக் கேக்குறாருன்னு அவ ஏன் கேக்கல? எதுக்கு அந்தச் சேலைய நேத்து மடியில வச்சுக்கிட்டு அழுதா?

மனுசன் அழுதாரு தாயி. சத்தம் இல்லாம, கண்ணுல இருந்து காதுக்குள்ள வழியுது. கட்டிப் போட்ட கையால தொடைக்கவும் முடியல. "அப்ப எல்லாம் போச்சா?"ன்னாரு. "போச்சுங்க"ன்னேன். பெறகு வாயத் தொறந்தாரு. நா கரண்டியக் கொண்டு போனேன். ஒரு வாய் குடிச்சாரு. ரெண்டாவது வாய்க்கு அவரா தொறந்தாரு. அவசரத்துல பாதிக் கஞ்சிய அவரு நெஞ்சுலதான் ஊத்துனேன்.

நர்ஸு பிள்ளைக கிட்டச் சொல்லிட்டேன். யாரு கேட்டாலும் மாசம் பொறந்துருச்சுன்னு சொல்லுங்கன்னு. நீயும் தயவு பண்ணு தாயி. உன் தம்பி எதுத்தாப்புலதான படுத்திருக்கான், போனப் பாத்துத் தேதிய வாய்விட்டுச் சொல்லிறாதீங்க. அவரு காது கூர்மை. உன் காலப் பிடிச்சுக் கேக்குறேன்.

காளீஸ்வரியா? அவ அப்பவே கெளம்பிட்டா. நாளைக்கு வேலை. தீவாளிக்கு ஆர்டர் வந்து குமிஞ்சு கெடக்குதாம், வரலைன்னா வேற ஆளப் போட்டுருவாங்களாம். கீழ வரைக்கும் கூடப் போனேன். பஸ்ஸுல ஏறுற மட்டும் அவ கைய விடல நா. அவதான் பிரிச்சு எடுத்துக்கிட்டா. "அப்பாவப் பாத்துக்கம்மா"ன்னா. அம்புட்டுத்தான். என்னைய ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தாத் தேவலை.

ஒரு உசுர இழுத்து நிப்பாட்டுறேன்னு இன்னொரு உசுரத் திரும்ப அங்கேயே அனுப்பிட்டு உக்காந்திருக்கேன் தாயி. எனக்கு ரெண்டு பேரும் வேணும். ரெண்டு பேரும் வேணும்னு கேட்டா எந்தச் சாமி குடுக்கும் சொல்லு. அவரு முடிச்சுத் தாரேன்னுதான் படுத்திருந்தாரு. நாந்தான் விடல. அந்த நாசமாப் போன பெல்ட்ட நா திட்டுனேன்ல, இப்ப நா என்ன பண்ணியிருக்கேன்?

இரு, அந்தா நர்ஸு கூப்புடுது. என்னம்மா? எங்க வீட்டுக்காரரா? என்னவாம்?

பசிக்குதாம். பாவி மனுசன், பசிக்குதுங்குறாராம்.